ஐந்து அங்குல வாசற்படி

எனக்குப் புண்ணியம் சேர்க்கும் ஆசை எல்லாம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்கு நான் சும்மா மர வேலை செய்து கொடுத்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்னை ஏதோ தர்மப் பிரபு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது. நான் அந்த வேலைக்குப் போனது எனக்காக.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பட்டறை என்னுடையது. கம்பெனிகளுக்குப் பேலட் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. மோட்டாரோ இரும்புச் சுருளோ, லாரியில் ஏற வேண்டுமென்றால் அதற்கு அடியில் ஒரு மரத்தட்டு வேண்டும். அந்தத் தட்டுதான் பேலட். பலகையை வெட்டு, கட்டையை வை, ஆணியை அடி, அடுத்ததை எடு. இழைக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம், யாரும் தடவிப் பார்க்கப் போவதில்லை. எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள் போன பிறகு அது எந்த ஊர் அடுப்பில் எரிகிறதோ, எனக்குத் தெரியாது. தாமரை, கொடி, மயில் எல்லாம் செதுக்கத் தெரிந்த கையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இதையே செய்துகொண்டிருந்தேன். என் பெண்டாட்டியே, "நீங்க மரவேலைக்காரரா, ஆணி அடிக்கிறவரா?" என்று கேட்டுவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்து இளைஞர்கள், கடைக்காரர்கள், கம்பெனி வேலைக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்து, ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டத் தொடங்கினார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். ஒரு தலைமுறைக்கு முன்னால் வயல் கூலிக்குப் போன குடும்பம். புருஷன் ஒரு இரும்புக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலையில் நடந்த விபத்தில் ஒரு கால் தொடையோடு போய்விட்டது. இன்னொரு கால் இருந்தும் இல்லாத மாதிரி. அதில் நிற்க முடியாது. பலகைக்கு அடியில் நாலு சக்கரம் மாட்டி, அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையைத் தள்ளித் தள்ளிப் போவான். அவன் பெண்டாட்டி ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலைக்குப் போய் இருவரையும் காப்பாற்றி வந்தாள். ஏரிக்கரை ஓரம் ஒரு குடிசை. மழை வந்தால் அடுப்பு மிதக்கும்.

குழுத் தலைவர் பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை. ஆனால் எதைச் செய்தாலும் முதலில் போட்டோ, பிறகுதான் மற்றது. ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "அண்ணாத்த, சொவுத்துல மாட்டறதுக்கு அழகா ரெண்டு ஐட்டம் செஞ்சி குடு. கிளி, கிளி மாதிரி ஏதாச்சும். ஊடு பாக்க லட்சணமா இருக்கணும்" என்றார்.

கிளியா? எனக்குச் சுருக்கென்றது. "வாசக்கால் யாரு செய்யறா?" என்று கேட்டேன்.

"அது இரும்பு. ரெடிமேடு. கீழ கட்டையே கெடையாது, மூணு பக்கம்தான். மேஸ்திரி சொல்லிட்டாரு."

கீழே கட்டை இல்லாத வாசக்கால்! எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கம்பெனி கக்கூஸுக்கு வைப்பதை வீட்டுக்கு வைப்பார்களா? ஏழை வீடு என்றால் வாசற்படிகூடக் கிடையாதா? வாசற்படி இல்லாத வீட்டில் மகாலட்சுமி எங்கே உட்காருவாள், வெள்ளிக்கிழமை அந்தப் பெண் எதற்கு மஞ்சள் பூசுவாள் என்று தலைவரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டேன். "வாசக்கால் என்னோடது. மரமும் என்னோடது. எவனும் இதுல தலையிடக் கூடாது" என்றேன். தலைவருக்குச் சந்தோஷம். கிளியைவிட வாசக்கால் போட்டோவில் பெரிதாக விழும்.

அந்த இரும்பு நிலைக்கு ஏன் கீழ்க்கட்டை இல்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேஸ்திரி சொல்லியிருப்பார். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பட்டறையின் மூலையில் நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த வேங்கை இருந்தது. நன்றாகக் காய்ந்து இறுகிய மரம். ஒரு மாதம், பேலட் வேலை முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். மேல்கட்டையில் இரண்டு மயில். பக்கக் கட்டைகளில் கொடி. வாசற்படியில் தாமரை, நடுவில் ஒன்று, இரு பக்கமும் மொட்டு. வழக்கமாக வாசற்படி தரைக்கு மேல் இரண்டு அங்குலம் தெரிந்தால் போதும். இரண்டு அங்குலத்தில் தாமரை எங்கே மலர்வது? ஐந்து அங்குலம் வைத்தேன். உளி போகிற சத்தத்தில் எனக்குப் பசியே எடுக்கவில்லை. பெண்டாட்டி சாப்பாட்டுத் தூக்கைப் பட்டறையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்று பார்த்துவிட்டுப் போனாள். அந்த மாதம் நான் யாரிடமும் கோபப்படவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வாசக்கால் வைத்தோம். அந்தப் பெண் முந்தின நாளே பெரியபாளையம் போய் அம்மன் குங்குமமும் வேப்பிலையும் வாங்கி வந்திருந்தாள். குழியில் காசும் நவதானியமும் போட்டு, பால் தெளித்து, மேல்கட்டையில் மஞ்சள் துணி முடிச்சும் மாவிலையும் கட்டினோம். அவள் வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மேஸ்திரி மட்டும் ஒரு மாதிரியாக நின்றார்.

"இன்னாண்ணா, இவ்ளோ ஒசரமா?" என்றார்.

"நீ செங்கல்லப் பாரு, நான் மரத்தப் பாக்கறேன்" என்றேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போய்விட்டார்.

அவள் புருஷனும் அங்கே இருந்தான். பலகை வண்டியில் உட்கார்ந்தபடி வாசற்படிக்கு எதிரே வந்து, தாமரையை விரலால் தடவினான். என் வேலையை ஒருவன் தடவிப் பார்த்து எத்தனை வருஷம்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"சூப்பரா கீதுண்ணா," என்றான். கொஞ்சம் தயங்கி, "கொஞ்சம் ஒசரமா இல்ல?" என்றான்.

"அதான் புதுக்கால் வருதுன்னாங்களேப்பா. கால் வந்தா ஒரே எட்டுல தாண்டிருவே" என்று அவன் தோளில் தட்டினேன்.

அவன் சிரித்தான். ஓசியில் வீடு வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்? அந்தச் சிரிப்பைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். செயற்கைக் காலுக்கு அதற்கு முன்பே இரண்டு தடவை அளவெடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பியே வரவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

கிரகப்பிரவேசத்தன்று நல்ல கூட்டம். குழுப் பையன்கள் இருவர் அவனைப் பலகையோடு தூக்கி, வாசற்படியைத் தாண்டி உள்ளே வைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தலைவர் அதை மூன்று தடவை செய்யச் சொல்லிப் போட்டோ எடுத்தார். அவனை வெளியே தூக்கு, உள்ளே தூக்கு, மறுபடி வெளியே தூக்கு. அவன் ஒவ்வொரு தடவையும் சிரித்தான். ஒருத்தனைத் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டியிருக்கிறதே என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு மயிலின் மூக்கில் பெயின்ட் பட்டுவிட்ட கவலை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு காலை வேளையில் பாலிஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். வாசக்காலுக்கு இரண்டாவது கை பாலிஷ் அடிக்க வேண்டும் என்பது சாக்கு. என் வேலையை இன்னொரு தடவை பார்க்க ஆசை, அவ்வளவுதான். வழியில் அவனுக்குப் பார்சல் டீ வாங்கிக்கொண்டேன்.

கதவு திறந்திருந்தது. அவன் உள்ளே, வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளி, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விட்டாளாம், இரண்டரைக்குத்தான் வருவாளாம். டீயை டம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

"வேணாண்ணா."

"ஏம்ப்பா, நாஷ்டா ஆச்சா?"

"அவ வந்தாதான்."

"டீயாச்சும் குடி. ஆறுது."

வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நானும் விடுகிற ஆள் இல்லை. வாங்கி வந்ததைக் குடிக்கவில்லையென்றால் எனக்கு மரியாதைக் குறைவு. வற்புறுத்த வற்புறுத்த அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் கையை நீட்டி வெளியே காட்டினான். முற்றத்து மூலையில் கக்கூஸ். அதன் வாசலில் மேஸ்திரி கீழ்க்கட்டையே வைக்கவில்லை. உள்ளே பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. வீட்டு வாசலிலிருந்து முற்றத்துக்குப் படி கட்டாமல் வழவழவென்று சிமென்ட் சரிவு. எல்லாமே அவன் பலகை உருள்வதற்காக. அத்தனை நாள் அந்த வீட்டுக்குப் போய் வந்தும் அந்தச் சரிவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"குடிச்சா போவணும்ல," என்றான். "அவ வர்ற வரைக்கும் தண்ணிகூடக் குடிக்கறது இல்லண்ணா. குடிசைல தரை மட்டம், நானே போய்க்கினு வந்துக்கினு இருந்தேன்."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வெட்கம். வெட்கத்தோடு கோபமும் வந்தது. நியாயமாக என் மேல் வர வேண்டிய கோபம் அவன் மேல் பாய்ந்தது.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? ஏறித் தாண்ட முடியாதா? அக்கம்பக்கத்துல தூக்க ஆள் இல்லையா?"

"ஒரு நாள் தூக்குவாங்க, ரெண்டு நாள் தூக்குவாங்க. தெனம் கூப்ட முடியுமா? ஒரு தபா நானே ஏறிப் பார்த்தேன். பலகை கவுந்துக்கிச்சி." வாசற்படியில் இருந்த குங்குமப் பொட்டுகளைக் காட்டினான். "அவ வாராவாரம் கும்புட்டுப் பொட்டு வெக்கறா. அது மேல குண்டிய வச்சி எப்டிண்ணா ஏறுவேன்?"

பாலிஷ் டப்பாவைத் திறக்காமலே திரும்பினேன். டீ அந்த டம்ளரிலேயே இருந்தது.

மறுநாள் பேலட் பலகையில் இரண்டு சரிவு செய்துகொண்டு போனேன். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. வாசற்படியை அறுப்பது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வரவில்லை என்று சொல்வது பொய். வந்தது; தாமரையை நினைத்துக்கொண்டு அதைத் தள்ளிவிட்டேன். உள்பக்கச் சரிவை நீளமாக வைத்தால் அடுப்பில் போய் இடித்தது. குட்டையாக வைத்தால் அவனால் ஏற முடியவில்லை. ஒரு வழியாக ஏறினான். உச்சியில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தான். வெளிப்பக்கம் என் சரிவோடு மேஸ்திரியின் சரிவும் சேர்ந்துகொண்டது. பலகை அவன் கையை மீறி ஓடி, முற்றத்துச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. வெட்டுப்பட்ட தொடையில் ஆறியிருந்த இடம் திறந்து ரத்தம் வந்துவிட்டது.

அவள் வேலை முடிந்து வந்தபோது நான் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுக்கு மருந்துக் கட்டு போடத் தெரியும், பழகிப்போன கை. கட்டி முடித்துவிட்டு எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க பெரியவங்க. நல்லது பண்ணணும்னுதான் பண்ணீங்க. நானும் அழகா கீதுன்னு சந்தோசப்பட்டேன். இவுரு தாகத்தோட உக்காந்துக்கினு கீறதைப் பாத்துக்கினே வாராவாரம் அதுக்குப் பொட்டு வெச்சிட்டு வேலைக்குப் போறேன். எனக்குப் புத்தி இல்ல. அறுத்துடுங்கண்ணா."

"புது ஊட்டு வாசப்படிம்மா. மகாலட்சுமி…" என்று இழுத்தேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அவளுக்கு ரெண்டு காலும் நல்லாதான் கீது. எப்டி வர்றதுன்னு அவளுக்குத் தெரியும்."

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை தலைவருக்கு விஷயம் தெரிந்து போன் வந்தது. "இன்னா அண்ணாத்த, பேஜாரு பண்றே! வாசக்கால் போட்டோதான் குரூப்புல டாப்பு. அடுத்த மாசம் பெரிய ஆளுங்க ஊட்டைப் பாக்க வர்றாங்க. அறுத்து வெச்சா கேக்க மாட்டாங்களா? ஒரு வருசம் போவட்டும். அதுக்குள்ள அந்தாளுக்குக் கால் வந்துரும்."

"வருசம் முழுக்க ஒருத்தன் ஒண்ணுக்குப் போவாம இருக்க முடியுமா? நீ ஒரு நாள் இருந்து காட்டு, அப்பறம் பேசு" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். தலைவரிடம் கத்திய அந்த வார்த்தை எனக்கும் சேர்த்துத்தான்.

ஞாயிறு காலை மின்ரம்பத்தோடு போனேன். வீட்டுக்கு இன்னும் மின்சார இணைப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒயர் போடக் கேட்டால், "வாசப்படி அறுக்கறதுக்கு என் ஊட்டுக் கரண்டா? வேற வெனையே வாணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கைரம்பமும் உளியும் எடுத்து வந்தேன்.

அவள் முதலில் சூடம் ஏற்றினாள். பிறகு ஈரத்துணியால் மஞ்சளையும் குங்குமத்தையும் முழுக்கத் துடைத்து எடுத்தாள். "நீங்க ஆரம்பிங்கண்ணா" என்று தள்ளி நின்றாள். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். செய்யாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே சொல்கிற முகங்கள்.

வேங்கையை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் நானே பார்த்துப் பார்த்து எடுத்த கட்டை. நூறு வருஷம் கிடக்கட்டும் என்று எடுத்தது. ரம்பம் அரை அங்குலம் இறங்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. இரண்டு ஓரத்திலும் தரைமட்டம் வரை ரம்பம் போட்டு, நடுவில் உளியால் பிளந்து பிளந்து எடுக்க வேண்டியிருந்தது. முதல் உளி நடுத்தாமரையில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு மாதம் செதுக்கியதை உடைக்க வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஆயிற்று. கடைசியில் தரையோடு தரையாக இழைத்து, சொரசொரப்பு போகத் தேய்த்து, கையை வைத்து இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தேன். நான் செய்த எந்தப் பூ வேலையையும் அத்தனை கவனமாகத் தடவியதில்லை.

அவன் அதுவரை சுவர் ஓரமாக, பலகையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து விலகியதும் இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தள்ளினான். சக்கரம் அறுத்த இடத்தில் லேசாகத் தட்டி, தாண்டிவிட்டது. சரிவில் கையால் பிடித்துப் பிடித்து இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை, தெருவில் நின்றவர்களையும் பார்க்கவில்லை. நேராகக் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவன் சரிவில் தானே ஏறினான். ஏறும்போது மூச்சு வாங்கியது. யாரோ தள்ளிவிடக் கை நீட்டினார்கள், வேண்டாம் என்றான். உள்ளே போய், "தண்ணி குடு" என்றான் அவளிடம்.

அவள் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து, மூச்சு விடாமல் முழுச் சொம்பையும் குடித்தான். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. எனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததற்கு நான் மனதுக்குள் அவனைக் கும்பிட்டேன்.

சொம்பை அவளிடம் நீட்டி, "இன்னொண்ணு" என்றான்.